ராணி பிங்க் மட்டும் மிஞ்சிய பன்னிரண்டு படங்கள்: மொரீஷியஸ் காவடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழாவது படம் திரையில் வந்ததும் மண்டபத்தில் பேச்சு நின்றது. பாராட்டுத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பையன், தோளில் சின்னக் காவடி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் அரளி மாலை. படம் முழுக்கக் கருப்பு வெள்ளை. மாலை மட்டும் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று நின்றது. மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை.

பின்வரிசையிலிருந்து பையனின் பாட்டி எழுந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி அவரைத் தாந்தின் என்றுதான் கூப்பிடுவேன். பாதி கிரெயோலும் பாதி தமிழுமாக அவர் கேட்டது இதுதான்: “வாத்தியார் தம்பி, உயிரோட இருக்கிற பிள்ளையை ஏன் செவுத்துல மாட்டின மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா திரையைப் பார்க்காமல் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு நிறத்தை விட்டுவைக்கும் செலக்டிவ் கலர் வித்தையை எங்கே தப்பாகச் செய்தேன், பிறகு எதையெல்லாம் மாற்றினேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இதே ஆசையில் இருப்பவர்களுக்கு லேப் செலவாவது மிச்சமாகும்.

பின்னணி

வாரநாட்களில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு கல்யாணப் படம் எடுக்கிறேன். எங்கள் கோவில் பிளேன் வில்லெம் மாவட்டத்தில் இருக்கிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்து தீவையே உலுக்கிவிட்டுப் போனது. போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அதிலிருந்து பத்தே நாளில், 25ஆம் தேதி, தைப்பூசக் காவடி. முறிந்த கிளைகளை அப்புறப்படுத்திய கையோடு பந்தல் போட்டோம்.

சங்கத்தார் என்னிடம் கேட்டது இரண்டு: சித்திரை வருஷப்பிறப்புக்குள் மண்டபச் சுவரில் மாட்ட 60க்கு 40 சென்டிமீட்டரில் பன்னிரண்டு படம்; கூடவே ஒரு சின்ன விழா மலர். காசு கிடையாது, லேப் செலவு அவர்களுடையது. சரி என்றேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவடி என்றதும் உங்களுக்குக் காவியோ மஞ்சளோ பச்சையோ நினைவுக்கு வரும். எங்களுக்கு ரோஸ். அதுவும் ஜவுளிக்கடையில் ராணி பிங்க் என்பார்களே, அந்த நிறம். ஆற்றங்கரையில் குளித்துப் பூஜை முடித்துக் காவடி எடுத்துக் கோவிலுக்கு நடக்கிற கூட்டத்தை மேட்டில் நின்று பார்த்தால் தார் ரோட்டில் ஒரு ரோஸ் ஆறு ஓடுவது போலிருக்கும். பக்கத்துத் தீவான ரெயூனியனிலும் இதே நிறம்தான். இங்கே பிறந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்து தெரிவதற்கு முன்னால் இந்த நிறம் தெரிந்துவிடும்.

பிறகு ஏன் கருப்பு வெள்ளைக்குப் போனேன்? வெயில்தான் முதல் காரணம். மொரீஷியஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நெற்றி வெளுத்துக் கண்குழி இருண்டுவிடும், கலரில் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது காரணம் தெரு. நீலத் தார்ப்பாய், மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி, நிறுத்தி வைத்த கார்கள், வேடிக்கை பார்ப்பவர்களின் டி-ஷர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து சத்தம் போடும். கருப்பு வெள்ளையாக்கினால் அத்தனையும் அடங்கிவிடும். ஆனால் ரோஸும் போய்விடும். ரோஸை மட்டும் விட்டுவைத்தால் என்ன என்று தோன்றியது அப்படித்தான். தோன்றிய அன்று நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

முதல் சுற்று

எடுத்தது 1,140 படம். எல்லாம் ரா ஃபைல், அதாவது கேமரா பதித்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு. கேமராவிலேயே ஒரு நிறத்தை மட்டும் காட்டும் ஃபில்டர்கள் உண்டு. அதைத் தொட வேண்டாம். அது பெரும்பாலும் ஜேபெக்காகத்தான் பதியும், மனசு மாறினால் திரும்ப வழியில்லை. சாதாரண ஜேபெக்கை வைத்துக்கொண்டு பிறகு பிரிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஜேபெக்கில் பெரும்பாலும் வெளிச்சத் தகவல் முழு நுணுக்கத்திலும் நிறத் தகவல் அதில் பாதி நுணுக்கத்திலும்தான் சேமிக்கப்படும். முழுக் கலர் படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ரோஸ் நின்று சாம்பல் தொடங்குகிற விளிம்பில்தான் நிறம் ஓரிரு பிக்சல் வெளியே கசிந்தது போல் தெரியும்.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எட்டு நிறத்துக்கு எட்டு ஸ்லைடர்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அக்வா, நீலம், ஊதா, மெஜந்தா. மெஜந்தாவை விட்டுவிட்டு மீதி ஏழின் செறிவையும் -100க்கு இழுத்தேன். வேட்டி சொறி பிடித்த மாதிரி ஆனது. வெயில் பட்ட இடம் ரோஸ், மடிப்பின் உள்பக்கம் சாம்பல். ராணி பிங்க் மெஜந்தாவில் மட்டும் உட்காரவில்லை, பாதி சிவப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. சரி என்று சிவப்பைத் திரும்ப ஏற்றினேன். வேட்டி முழுசானது. கூடவே எல்லாருடைய உதடும் வந்தது, உள்ளங்கை வந்தது, கண்ணோரம் வந்தது, வேல் குத்திய நாக்கு வந்தது. பின்னால் நின்ற காரின் பிரேக் விளக்கு வந்தது. வேலியோரம் யாரோ கவிழ்த்து வைத்த வாளி, படத்தில் இருக்கிற தெய்வத்தைவிடப் பிரகாசமாக வந்தது.

அதற்கப்புறம்தான் ஃபோட்டோஷாப்பில் கருப்பு வெள்ளை லேயர் போட்டு, எங்கே நிறம் தெரிய வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கில் பிரஷ்ஷால் ஒவ்வொரு படமாக வரைய ஆரம்பித்தேன். என் கேமரா 24 மெகாபிக்சல், அகலவாக்கில் 6,000 பிக்சல். அதை 60 சென்டிமீட்டருக்கு விரித்தால் ஒரு பிக்சல் கச்சிதமாக 0.1 மில்லிமீட்டர். மாஸ்க் ஓரத்தில் ஆறு பிக்சல் பிசகினால் தாளில் 0.6 மில்லிமீட்டர் ரோஸ் கோடு. சுவருக்குப் பக்கத்தில் வந்து பார்க்கிறவர் அதை நிச்சயம் பார்ப்பார். மயில் தோகை, தென்னங்குருத்தின் நுனி, கழுத்து முடியோடு ஒட்டிய பூவிதழ் ஆகிய மூன்று இடத்திலும் நான் பிசகியிருந்தேன். ஆனால் தாந்தின் எழுந்து நின்றது விளிம்புக்காக அல்ல.

தாந்தின் பார்த்தது

எங்கள் வீட்டு முன்னறையில் தாத்தா படம் இருக்கிறது. கருப்பு வெள்ளை. கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், சட்டத்தைச் சுற்றி மாலை. செலக்டிவ் கலர் என்ற பேர் தெரியாமலே, அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். தமிழ் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே இப்படி ஒரு படம் இருக்கும். சாம்பல் முகம், நிறமுள்ள பொட்டு, நிறமுள்ள மாலை. அந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று ஒருவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அந்தப் பையனுக்கு அதையேதான் செய்திருந்தேன். போதாக்குறைக்கு நெற்றி நிறைய விபூதி. கலரில் அது விபூதியாகவே தெரிந்தது. சாம்பல் நிற முகத்தில் அது வெறும் சாம்பலாகிவிட்டது. மூன்று ராத்திரி அந்த மாலையின் ஒவ்வொரு இதழையும் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவன், முழுப் படத்தையும் ஒரு தமிழ்ப் பாட்டியின் கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் காட்டும் உதாரணம் எப்போதும் சிவப்புக் குடை, மஞ்சள் டாக்சி. குடைக்கு உயிர் கிடையாது; குடையைச் சுற்றி இருப்பது சாம்பலானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நிறத்தை ‘விட்டுவைக்கிறோம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். கணக்கைத் திருப்பிப் போட்டால், மற்ற எல்லாவற்றிலிருந்தும் நிறத்தைப் பிடுங்குகிறோம். முழுக் கருப்பு வெள்ளையில் எல்லாருக்கும் ஒரே நீதி, அதனால் கண் அதை நிறமில்லாத படம் என்று எண்ணாமலே ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு மாலை சிவந்திருந்தால் மட்டும், முகத்துக்கு ஏன் நிறமில்லை என்ற கேள்வி எழுகிறது.

பழைய ஸ்டுடியோக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். படத்துக்குக் கையால் நிறம் பூசுவது ஃபோட்டோகிராஃபி பிறந்த கையோடு தொடங்கிவிட்டது; சுவிட்சர்லாந்தின் யோகான் பாப்டிஸ்ட் இசென்ரிங் 1840களின் தொடக்கத்திலேயே டாகெரோடைப் என்ற ஆரம்பகால வெள்ளித் தகட்டுப் படங்களுக்கு வண்ணம் ஏற்றினார். என் பாட்டியின் கல்யாணப் படம் அந்த வகைதான். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டுத் தடவிய கண்ணாடி போன்ற எண்ணெய் வண்ணம், கீழே இருக்கும் கருப்பு வெள்ளை நிழல் மறையாமல் நிற்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பார்த்தேன். கன்னத்தில் ரோஸ் இருக்கிறது. உதட்டில் இருக்கிறது. வளையலில் மஞ்சள் இருக்கிறது. சேலைக் கரையில் மட்டும் லேசாக ஒரு கோடு. சேலை உடம்பை அப்படியே விட்டுவிட்டார், பின்னால் இருக்கும் திரைச்சீலையையும் தொடவில்லை. அந்த மனிதரும் செய்தது செலக்டிவ் கலர்தான். ஆனால் கன்னத்தில் தொடங்கினார். நான் மாலையில் தொடங்கினேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன்: அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் இந்த வித்தை வேண்டாம். உலகத்துக்கெல்லாம் சட்டமாகச் சொல்லவில்லை. எங்கள் மண்டபச் சுவருக்குச் சொல்கிறேன். பன்னிரண்டில் பத்து அந்த ஒரே வரியில் விழுந்துவிட்டது. ஐந்து முழுக் கலராகவும் ஐந்து முழுக் கருப்பு வெள்ளையாகவும் மாறின. பையனின் படம் முழுக் கலருக்குப் போனது. கண்குழி நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். அரளி மாலை அந்தப் பழுப்பு நிறக் கழுத்தில் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. முதலில் எனக்கு ஏன் அது தெரியவில்லையோ.

மீதி இரண்டு. அந்த இரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

வேட்டியும் ஓலையும் ஒன்றான படம்

ஆற்றங்கரையில் முதுகு காட்டி நிற்கும் கூட்டம். எல்லாரும் ராணி பிங்க் வேட்டி. தோளில் தென்னங்குருத்து கட்டிய காவடிகள், ஓலை முதுகு வரை தொங்குகிறது. கலரில் பார்த்தால் ரோஸும் பச்சையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். கருப்பு வெள்ளையாக்கியதும் எல்லாம் ஒரே கூழ். எங்கே துணி முடிகிறது, எங்கே ஓலை தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஏன் என்று பிக்சலைத் தொட்டுப் பார்த்தேன். வேட்டியில் ஒரு புள்ளி: சிவப்பு 220, பச்சை 30, நீலம் 120. ஓலையில் ஒரு புள்ளி: சிவப்பு 70, பச்சை 120, நீலம் 40. கலரைச் சாம்பலாக்கப் பழைய டிவி காலத்திலிருந்து புழங்கும் விகிதம் ஒன்று உண்டு: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படும், அதனால் அதற்குப் பெரிய பங்கு. பெருக்கிக் கூட்டினால் வேட்டிக்கு 97, ஓலைக்கு 96. இருநூற்று ஐம்பத்தைந்தில் ஒன்றே ஒன்று வித்தியாசம். மனிதக் கண் அதைப் பிரிக்காது.

இதற்குக் கருப்பு வெள்ளைக்காரர்களின் பழைய மருந்து இருக்கிறது. லென்ஸில் சிவப்புக் கண்ணாடி மாட்டுவது போல, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கலக்க விடும் சேனல் மிக்ஸரில் சிவப்பை மட்டும் எடுத்தால் வேட்டி 220, ஓலை 70. பச்சையை மட்டும் எடுத்தால் வேட்டி 30, ஓலை 120. இரண்டிலும் ரொம்ப நன்றாகப் பிரிகிறது. பெரும்பாலான படத்தில் இத்தோடு வேலை முடிந்தது. நிறம் எதுவும் விட்டுவைக்கத் தேவையில்லை. செலக்டிவ் கலர் என்று வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: சேனலை ஆட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தப் படத்தில் தீரவில்லை. சிவப்புச் சேனலில் வேட்டி வெள்ளையானது. ஆற்றங்கரை, முதுகு காட்டி நிற்கும் ஆண்கள், வெள்ளை வேட்டி. எங்கள் ஆட்களிடம் காட்டிப் பாருங்கள், கரும காரியம் என்பார்கள். மறுபடியும் சாவு வீடு. பச்சைச் சேனலில் வேட்டி கறுப்பானது; அது வேறு ஊர், வேறு மாலை போட்ட கூட்டம். சாம்பலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் படம் பொய் சொன்னது. ரோஸ் இல்லாமல் அந்தக் கூட்டம் காவடிக் கூட்டமே இல்லை. அதனால் அங்கே ரோஸை விட்டுவைத்தேன். முகம் ஒன்றுகூடத் தெரியாததால் யாரையும் சுவரில் மாட்டிய குற்றம் வரவில்லை.

மாஸ்க்கை இந்தத் தடவை வேறு மாதிரி செய்தேன். அடியில் சாம்பல் லேயரைச் சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு கலவையில் தயார் செய்து, ஓலை கொஞ்சம் வெளுக்கும்படி வைத்தேன். வேட்டிக்கு நிற அளவை வைத்து முதல் தேர்வு, பிறகு கையால் திருத்தல். முக்கியமானது வேட்டிக்கு வெளியே இருக்கும் ரோஸ். நடுப்பகல் வெயிலில் அவ்வளவு அடர்த்தியான துணி, பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் நிறத்தை இறைக்கும். முழங்கை, இடுப்பு, ஈரப் பாறை எல்லாவற்றிலும் லேசான ரோஸ் படிந்திருக்கும். முதல் சுற்றில் அத்தனையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். துணி கத்தரித்து ஒட்டியது போல் நின்றதற்குக் காரணம் அதுவே. இந்த முறை வேட்டியை ஒட்டிய தோலில் 25 சதவீதம் போல நிறத்தை விட்டு, பிரஷ்ஷால் கரைத்து வெளியேறினேன். பார்ப்பவருக்கு அது தெரியாது. இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

செம்பு

இரண்டாவது படம் தற்செயல். பால் குடம் எடுத்த ஒரு பெண்மணியின் இரண்டு கைகளும் பித்தளைச் செம்பும் மட்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸ், கிட்டத்தில். செம்பின் வாயில் வாழை இலையைக் கவிழ்த்து நூலால் கட்டியிருக்கிறது. நூல் ஈரம். வலது கைக் கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது. சேலை படத்துக்குள் இல்லை, அதைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்டேன். ஆனால் செம்பின் வயிற்றில் இருக்கிறது: பித்தளை வளைவில் ஒரு வாள் போல நீண்டு, மேலே கூர்ந்து, கீழே அகன்று, நடுவில் வானத்தின் வெள்ளைப் புள்ளியால் பிளந்த ஒரு ரோஸ் பட்டை.

முதல் சுற்றில் அந்தப் பட்டையைக் கவனிக்கவே இல்லை. துணியைத் தேடிக்கொண்டிருந்தேன், துணி இல்லை என்று இந்தப் படத்தை முழுச் சாம்பலாக ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டாம் சுற்றில் கலர் மூலத்தைத் திறந்தபோது, கை, இலை, நூல், தோல் எல்லாவற்றையும் தாண்டிக் கண் போய் நின்ற இடம் அது.

இதில் மாஸ்க் வேலை ஐந்து நிமிஷம். பிரதிபலிப்பின் விளிம்பு தானாகவே மங்கலானது; கத்தி வைத்து வெட்டவேண்டிய கோடு எதுவும் கிடையாது. பித்தளையின் மஞ்சளை எடுத்ததும் செம்பு வெள்ளிப் பாத்திரம் போல் ஆகிவிட்டது. அதற்காகச் சாம்பலில் மஞ்சள் பங்கைக் குறைத்து அதைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். ரோஸை முழு வேகத்தில் விடாமல் 60 சதவீதத்துக்கு இறக்கினேன். இப்போது அதைப் பார்ப்பவர்கள் முதலில் கருப்பு வெள்ளை என்று நினைக்கிறார்கள். பிறகு ஒரு அடி முன்னால் வருகிறார்கள். சேலை கட்டியவர் யார் என்று தெரியாது. ஆனால் அவர் என்ன கட்டியிருக்கிறார், எதற்காக வந்திருக்கிறார் என்று செம்பு சொல்லிவிடும். பன்னிரண்டில் எனக்குப் பிடித்தது இதுதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

எலுமிச்சம்பழம் தொங்கும் முதுகையும் சிலர் கேட்டார்கள். கொக்கியில் கோத்த பச்சைப் பழங்கள், சாம்பல் முதுகு. செய்தால் கண்ணைப் பறிக்கும், சந்தேகமில்லை. செய்து பார்த்தேன், அழித்துவிட்டேன். கண் பழத்தில் நிற்பதில்லை, நேராகக் கொக்கி தோலைத் தொடும் இடத்துக்குப் போகிறது. பத்து நாள் விரதம் இருந்தவரின் முதுகை ஊசி வேடிக்கையாக மாற்றும் வேலையைச் சுற்றுலாப் பயணிகள் போதுமான அளவு செய்கிறார்கள்.

தாளில் வந்த பச்சை

இரண்டு செலக்டிவ் படங்களையும் லேபுக்கு அனுப்பினேன். வந்த பிரதியில் சாம்பல் பச்சையடித்திருந்தது. ஆற்றுப் பாறை பாசி பிடித்த மாதிரி. லேபில் நல்ல மனிதர்தான், ஆனாலும் நான் போனில் கொஞ்சம் சத்தம் போட்டேன். கலர் தாளில் கருப்பு வெள்ளை அச்சிட்டால் சாம்பலை மூன்று சாயம் கலந்துதான் உண்டாக்குகிறார்கள், ஒன்று பிசகினால் நிறம் ஏறும் என்பதெல்லாம் உண்மை. அதனால் தப்பு அவருடையது என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் இன்னொரு பிரதி போட்டார். அதுவும் பச்சை.

இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து வேட்டிகள் இருக்கும் பகுதியை மறைத்துப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். ரோஸ் மறைந்ததும் பாறை சாம்பலாகிவிட்டது, சுத்தமான சாம்பல். தாளை எடுத்தேன், பச்சை. வைத்தேன், சாம்பல். பச்சை தாளில் இல்லை, என் கண்ணில் இருந்தது.

பாரிஸில் கோபெலின் நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல் இதே சிக்கலில்தான் மாட்டினார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது; சோதித்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு அடர்த்தியான நிறத்துக்குப் பக்கத்தில் சாம்பல் வைத்தால், அந்த நிறத்தின் எதிர் நிறம் சாம்பலில் ஏறியது போல் தெரியும். ரோஸுக்கு எதிர், பச்சை. முழுக் கலர் படத்தில் அதைக் கவனிக்க மாட்டோம். செலக்டிவ் கலரில் பக்கத்துக்குப் பக்கம் இருப்பது சுத்தச் சாம்பல், அதனால் அப்படியே மாட்டிக்கொள்கிறது.

மருந்து சின்னது. சாம்பலைச் சுத்தமாக விடாமல் ரோஸ் பக்கமே ஒரு துளி சாய்த்தேன். நடு சாம்பல் 128, 128, 128 என்று இருந்ததை 130, 127, 128 ஆக்கினேன். தனியாகப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ரோஸோடு சேர்த்துப் பார்த்தால் பாசி போய்விட்டது. லேப்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். இரண்டு வீண் பிரதிகளுக்கான காசு என் பையிலிருந்து.

மலரில் இந்த இரண்டு படங்களையும் போடவில்லை. நான்கு மையில் அச்சாகும் சாதாரணத் தாளில் ராணி பிங்க் வராது. திரையில் எரிகிற நிறம் அங்கே வாடிய அரளி ஆகிவிடும். மற்றப் படங்களில் அது வாடினால் எல்லாம் சேர்ந்து வாடும், யாருக்கும் தெரியாது. இவற்றில் இருப்பதே அந்த ஒரு நிறம்.

இன்னொன்று, பாதி வேடிக்கை. சங்கத்தின் பொருளாளர் அண்ணன் செம்புப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று, “இதுல கலர் எங்கப்பா?” என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவருக்குச் சிவப்பு பச்சைப் பார்வைக் குறைவு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் குறை உள்ள சிலருக்கு இந்த மாதிரி ரோஸ் சாம்பலோடு கலந்துவிடும். கூட்டப் படத்தில் சேனலை ஆட்டி ஓலையை வெளுத்து வைத்திருந்ததால் அது அவருக்கும் பிரிந்து தெரிந்தது. செம்பில் அவருக்கு ஒளிக்கோடு மட்டும்தான். நல்லாத்தான் இருக்கு என்றார், பெருந்தன்மையாக.

தலைப்பாகை

படங்கள் மாட்டிய பிறகு சங்கத்து மூத்தவர் ஒருவர் ஒரு உறையோடு வந்தார். மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளும் படங்களும் இருக்கின்றன. அங்கே தேடி அவருடைய கொள்ளுத் தாத்தாவின் படத்துக்குப் பிரதி வாங்கியிருந்தார். 1870களில் எடுத்தது. மெலிந்த முகம், நேராகப் பார்க்கும் கண், இறுக்கிக் கட்டிய தலைப்பாகை. “வாத்தியார், இதுல தலப்பாவ மட்டும் காவியாக்கிக் குடுங்க. முருக பக்தர் இல்லையா.”

முடியாது ஐயா என்றேன், காரணமும் சொன்னேன். காவடிப் படங்களில் நிறம் என்னிடம் ஏற்கனவே இருந்தது; நான் மற்றதைத்தான் எடுத்தேன். இந்தப் படத்தில் நிறம் எங்கேயும் இல்லை. சாம்பலின் அடர்த்தியை வைத்து ஊகிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் படம் பிடித்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டுக்கு நீல வெளிச்சம்தான் தெரியும். சிவப்பும் காவியும் அதில் ஏறக்குறையக் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாக விழும். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாகப் பார்க்கும் பான்க்ரோமாட்டிக் தட்டு 1906இல்தான் விற்பனைக்கு வந்தது. இந்தத் தலைப்பாகை படத்தில் வெளிராக இருக்கிறது. அது வெள்ளையாக இருந்திருக்கலாம், நீலமாக இருந்திருக்கலாம். காவியாக இருந்திருந்தால் இவ்வளவு வெளுத்திருக்காது.

அவருக்கு வருத்தம்தான். கொஞ்ச நேரம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீறலையும் கறையையும் மட்டும் சரிசெய்து, அதே பழுப்புச் சாம்பலில் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அது முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. தலைப்பாகை பழைய வெளிர் நிறத்திலேயே இருந்தது. கண்ணாடிமேல், நெற்றிக்கு நேராக, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்து ஒரு புருவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. “தெனமும் துடைச்சிட்டுப் புதுசா வைக்கிறேன்” என்றார்.